கார் வாங்கியவர் திரும்பி வர என்ன செய்யலாம்? கேள்வி பதில்

கோவையில் ஒரு கார் டீலர்ஷிப்பில் 2003-ல் டெலிகாலராகச் சேர்ந்தேன். சர்வீஸ் தேதியை ஞாபகப்படுத்திப் போன் செய்வதுதான் முதல் வேலை. இப்போது வாடிக்கையாளர் உறவுப் பிரிவை முழுவதும் பார்த்துக்கொள்கிறேன். விற்பனைக்குப் பிறகு நடப்பவை பற்றிக் கேளுங்கள். எந்தக் கார் வாங்கலாம் என்று மட்டும் கேட்கவேண்டாம்.

திருநெல்வேலி, விற்பனை ஆலோசகர்: அக்கா, வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம் ஆகிறது. டெலிவரி கொடுத்தவர்களுக்கு வாராவாரம் போன் செய்யச் சொல்கிறார் மேனேஜர். சரியா?

வாராவாரம் வேண்டாம் தம்பி. அவருக்கு உங்களால் ஏதாவது ஆகவேண்டிய நாளில் கூப்பிடுங்கள். டெலிவரிக்கு மறுநாள்: போன் புளூடூத்தில் இணைந்ததா, ஃபாஸ்டேக் வேலை செய்கிறதா? அப்புறம் நம்பர் பிளேட் வந்ததும் ஒரு தடவை. ஆர்.சி. கைக்கு வந்துவிட்டதா என்று ஒரு தடவை. புதுக் கார் எடுத்தவர் அதிகம் கவலைப்படுவது இந்த ஆர்.சி.க்காகத்தான். அவர் மூன்று முறை கூப்பிட்டு நாம் எடுக்காவிட்டால் டெலிவரி அன்று வெட்டிய கேக், போட்ட மாலை எல்லாம் வீண். முதல் சர்வீஸுக்கு முன்னால் கூப்பிட்டு, அங்கே யாரைப் பார்க்கவேண்டும் என்று பெயரோடு சொல்லுங்கள். கடைசி இலவச சர்வீஸ் முடிந்ததும் கட்டாயம் பேசுங்கள். பாதிப் பேர் நம்மை விட்டுப் போவது அங்கேதான்.

பயிற்சி வகுப்பில் ஜோ ஜிரார்ட் பற்றிச் சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெவர்லே விற்றவர். 1963 முதல் 1978 வரை 13,001 வண்டிகள், அதில் 1973-ல் மட்டும் 1,425. அவர் மாதாமாதம் வாழ்த்து அட்டை அனுப்பினார் என்பதை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம். அதனால்தான் இன்று வாட்ஸ்அப்பில் தினமும் காலை வணக்கம் போய்க்கொண்டிருக்கிறது. சர்வீஸ் பிரிவு ஆட்களைத் தன் செலவில் சாப்பிட அழைத்துப்போவது அவர் வழக்கம். தன்னிடம் வாங்கியவரின் வண்டி உள்ளே வந்தால் அவர்கள் கவனமாகப் பார்ப்பார்கள் அல்லவா? உங்கள் ஒர்க்‌ஷாப்பில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்? முதலில் போய் ஒரு டீ வாங்கிக்கொடுங்கள்.

ஈரோடு, ஷோரூம் உரிமையாளர்: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு மாதம் எவ்வளவு ஒதுக்கலாம்?

அது என் துறை இல்லை சார், விளம்பரம் செய்பவரிடமே கேளுங்கள். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஷோரூம் எண்ணுக்கு வெளியாள் போல ஒரு போன் போட்டுப் பாருங்கள்.

சேலம்: ஆடி ஆஃபர் உண்மையில் பலன் தருகிறதா?

ஆடியில் டெலிவரி எடுக்கப் பலர் தயங்குவார்கள். பதினெட்டாம் பெருக்குக்குக் கொஞ்சம் பேர் எடுப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆடியில் புக் செய்ய யாருக்கும் தயக்கம் இல்லை. அதனால் அந்த மாதத்தில் பழைய காருக்கு விலை போட்டுச் சொல்வது, புக்கிங் வாங்குவது, ஆவணியில் நல்ல நாள் பார்த்து டெலிவரி என்றுதான் நாங்கள் போவோம்.

2025-ல் இதுவே எங்களுக்குப் பெரிய சோதனையாகிவிட்டது. ஆகஸ்ட் 17-ல் ஆவணி பிறக்கிறது. இரண்டு நாள் முன்னால், சுதந்திர தின உரையில், தீபாவளிக்குள் ஜிஎஸ்டி குறையும் என்று பிரதமர் சொல்லிவிட்டார். சின்னக் கார்களுக்கு வரி 18 சதவீதமாகலாம் என்று உடனே பேச்சு கிளம்பிவிட்டது. எங்கள் கையில் ஆடி புக்கிங் அத்தனையும் இருக்கிறது. ‘யாரும் கேட்காவிட்டால் நாமாகச் சொல்லவேண்டாம், டெலிவரியை முடித்துவிடுவோம்’ என்றுதான் உள்ளே பேச்சு. நான் பிடிவாதமாக நின்றேன். ஒவ்வொருவரையும் கூப்பிட்டோம்: ‘வரி குறையலாம் என்கிறார்கள், இன்னும் உறுதி இல்லை. காத்திருப்பதானால் உங்கள் புக்கிங் அப்படியே இருக்கும். அவசரமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.’

வீட்டில் கல்யாணம், வேலைக்குப் போக வண்டி வேண்டும் என்று சிலர் தெரிந்தே எடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் காத்திருந்தார்கள். செப்டம்பர் 3-ல் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது, 22-ல் அமலுக்கு வந்தது. நாலு மீட்டருக்குள் அடங்கும், 1,200 சிசி வரையுள்ள பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத வரியும் அதன்மேல் செஸ்ஸும் போய் 18 ஆயிற்று. ஆவணி மாதக் கணக்கு எங்களுக்கு அடி வாங்கியது உண்மை. ஆனால் அன்று நாங்கள் போன் செய்த வீடுகளிலிருந்து தம்பி, மச்சான், அலுவலக நண்பர் என்று இன்றும் ஆள் வருகிறார்கள். வந்ததும் அந்தப் போனைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

மதுரை, விற்பனை ஆலோசகர்: பக்கத்து டீலர் பத்தாயிரம் அதிகமாகத் தள்ளுபடி கொடுக்கிறார். ஆளைப் பிடித்து நிறுத்துவது எப்படி?

எல்லா நேரமும் முடியாது. பத்தாயிரத்துக்காக மட்டும் வந்தவர் அடுத்த முறை ஐயாயிரத்துக்காகப் போவார். தள்ளுபடிக்கு உச்சவரம்பு வைத்து டீலர்களைக் கட்டுப்படுத்தியதற்காக 2021-ல் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் போட்டது, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம். ஆகவே பக்கத்துக் கடை கொடுப்பதை யாரும் தடுக்கமுடியாது. உங்கள் விலையில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று வரிவரியாக எழுதிக் கொடுங்கள். அவர் கேட்காத ஆக்சஸரீஸ் அதில் இருக்கக்கூடாது.

திருச்சி, வாடிக்கையாளர்: வெளியே இன்சூரன்ஸ் போட்டால் டெலிவரி தள்ளிப்போகும் என்கிறார்கள். இது சட்டமா மேடம்?

இல்லை. எங்கே போடுவது என்பது உங்கள் உரிமை. டீலர்கள் இன்சூரன்ஸ் விற்க 2017-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதி வகுத்தது. அதிலும் வாங்குபவரைக் கட்டாயப்படுத்த அனுமதி இல்லை. புதுக் காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு இருக்கவேண்டும். டெலிவரியை வைத்து மிரட்டுவது எந்த ஷோரூம் செய்தாலும் தப்பு.

மதுரை, டீலர்ஷிப் மேலாளர்: இப்படிப் பொதுவில் சொல்வது சுலபம் மேடம். கார் விற்பதில் லாபம் எங்கே இருக்கிறது? இன்சூரன்ஸ் கமிஷன்தான் பையன்களுக்குச் சம்பளம். வெளியே போட்டவர் இடித்துக்கொண்டு வந்தால், ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் கிடைக்காமல் எங்களோடுதான் சண்டை.

கேஷ்லெஸ் பற்றி நீங்கள் சொல்வது நியாயம் சார். அதை நானும் அனுபவித்திருக்கிறேன். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் எந்தெந்த கம்பெனிக்கு கேஷ்லெஸ் உண்டு என்ற பட்டியலைக் கையில் கொடுங்கள், அதைப் பார்த்துப் பாதிப் பேர் உங்களிடமே போடுவார்கள். லாபம் மெலிது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வெளி விலையைவிட உங்கள் பிரீமியம் எட்டாயிரம் அதிகம் என்று வாடிக்கையாளர் ஒருநாள் கண்டுபிடிப்பார். அன்றைக்கு உங்கள் சர்வீஸ் பில்லையும் சந்தேகப்பட ஆரம்பிப்பார்.

திருச்சி, வாடிக்கையாளர்: அதேதான் மேடம். போன காரில் அப்படித்தான் நடந்தது. இலவச சர்வீஸ் முடிந்ததும் தெரிந்த மெக்கானிக்கிடம் போய்விட்டேன்.

மதுரை, டீலர்ஷிப் மேலாளர்: அந்த மெக்கானிக் பில்லே கொடுக்கமாட்டார். அவரிடம் மட்டும் சந்தேகம் வராதா?

வராது சார். கழற்றிய பழைய பிரேக் பேடை மெக்கானிக் வாடிக்கையாளர் கையில் கொடுத்து, ‘பாருங்க, எவ்வளவு தேய்ந்திருக்கு’ என்று காட்டுகிறார். நாம் கண்ணாடி அறையில் காபி கொடுத்து உட்காரவைத்துவிட்டு, கடைசியில் ஐந்து பக்க பில்லை நீட்டுகிறோம். த்ராட்டில் பாடி சுத்தம், ஏசி கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங் என்று அவருக்கு விளங்காத வரிகள். வாரன்டி முடிந்தவரைத் திரும்ப அழைக்கத் தள்ளுபடி கூப்பன் அனுப்பிப் பார்த்திருக்கிறேன், ஒருமுறை வந்துவிட்டுப் போய்விடுவார்கள். வேலை தொடங்கும் முன்பே எஸ்டிமேட், கூடுதல் வேலைக்குப் போனில் சம்மதம், கழற்றிய பாகத்தைக் காட்டுவது, டெலிவரியில் அட்வைசர் பக்கத்தில் நின்று பில்லை வாசிப்பது. இந்த நாலையும் செய்ய ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு ஆட்கள் நிலைத்தார்கள்.

தஞ்சாவூர்: வாடிக்கையாளர் திருப்தி சர்வேயில் பத்துக்குப் பத்து வாங்க என்ன வழி அக்கா?

கேட்காதீர்கள். ‘ஒன்பது போட்டால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள் சார்’ என்று கெஞ்சி வாங்கிய பத்து உங்களை ஏமாற்றும் பத்து. ஆறு போட்டவர்தான் ஒர்க்‌ஷாப்பில் என்ன கோளாறு என்று சொல்கிறார். அவரை முதலில் கூப்பிடுங்கள்.

கரூர்: பக்கத்து ஊர் டீலர் பதினைந்தாயிரம் குறைக்கிறார்...

மேலே மதுரைத் தம்பிக்குச் சொன்னதுதான்.

நாமக்கல்: என் காரில் மைலேஜ் வரவில்லை.

சர்வீஸ் அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள்.

வேலூர்: கூகுள் ரிவ்யூவில் ஐந்து ஸ்டார் போட்டால் கார் பெர்ஃப்யூம் கொடுக்கலாமா?

கூடாது. தஞ்சாவூருக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். மதிப்பெண்ணை விலைக்கு வாங்காதீர்கள்.

மதுரை, டீலர்ஷிப் மேலாளர்: சரி மேடம், பில் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். இன்சூரன்ஸில் கட்டாயம் இல்லாமலே ஆளை நம்மிடம் வைக்க வேறு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது சார், என்சிபி. எக்ஸ்சேஞ்சில் வருபவர்களில் பலருக்கு இது தெரியாது. க்ளெய்ம் வாங்காமல் ஓட்டிய சலுகை காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. ஒரு வருடத்துக்கு 20 சதவீதம், ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லையென்றால் 50 சதவீதம். புதுக் காரில் சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் அதைக் கழிக்கலாம். பழைய காரை நீங்கள் எடுத்துக்கொள்ளும்போதே விற்பனைக்கான படிவம் 29, 30 நகல்களோடு பழைய இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி என்சிபி சான்று வாங்கிக்கொடுங்கள். மூன்று ஆண்டு வரை செல்லும். அவர் பாலிசியை வெளியே போட்டாலும் இதைச் செய்துகொடுங்கள். உங்கள் எக்ஸ்சேஞ்ச் மேசையில் ஒருவருக்கு இந்த வேலையைத் திங்கட்கிழமையே ஒப்படையுங்கள்.