சும்மா உட்கார்ந்திருக்கும் ஏவுகணைப் பிரிவினருக்கு மனச்சோர்வு எதற்கு?

போர் இல்லாத காலத்தில் ஏவுகணையைக் காவல் காப்பவர்களுக்கு என்ன சலிப்பு வந்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். உறவினர் யாரோ அந்தப் பணியில் இருந்துகொண்டு புலம்புகிறார் என்று ஊகிக்கிறேன்; அவரைச் சோம்பேறி என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

நான் இந்திய விமானப்படையில், எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் பெச்சோரா ஏவுகணைப் பிரிவொன்றில், கட்டுப்பாட்டு வண்டிக்குள் அமர்ந்து, திரையில் நகரும் இலக்கைக் கைச்சக்கரத்தால் பின்தொடரும் பணியில் இருந்தவன். ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்தும் ஏவுகணை உண்மையிலேயே சீறிக் கிளம்பியதைப் பார்த்தது ஆந்திரக் கடற்கரையில் சூர்யலங்கா சுடுதளத்தில் ஒரே ஒரு முறைதான். அந்தக் காத்திருப்பு எனக்குப் பழகிவிட்டது. பழகாதது வேறு. பிரிவின் தயார்நிலையைச் சோதிக்கும் ஓர் ஆய்வுக்கு முந்தைய இரவு, சக்கரம் ஓரிடத்தில் லேசாகச் சிக்குவதைப் பதிவேட்டில் எழுதினேன். "நாளைக்கு ஆய்வை வைத்துக்கொண்டு இதை எழுதலாமா?" என்றார் மேலதிகாரி. பழுதைச் சரிசெய்ய இரண்டு மணி நேரம் ஆயிற்று. தயார்நிலை குறைந்ததற்கு விளக்கம் எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. அடுத்த மாதம் திரை மங்கியபோது, உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, எதையும் எழுதாமல் வேலையைத் தொடர்ந்தேன். அன்றைக்கே அந்த வேலையில் எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

சீருடை அணிந்தவன் இப்படிப் பேசலாமா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இரகசியம் எதையும் நான் சொல்லவில்லை, இது நம் படைக்கு மட்டும் உரிய நோயும் அன்று. அமெரிக்காவில் மினிட்மேன் அணு ஏவுகணைகளுக்காக நிலத்தடி அறையில் இருவர் இருவராக 24 மணி நேரம் பணியில் இருக்கும் அதிகாரிகளில் 90க்கும் மேற்பட்டோர், மாதத் தேர்வில் விடைகளைப் பகிர்ந்துகொண்ட விவகாரத்தில் 2014இல் மால்ம்ஸ்ட்ரோம் விமானப்படைத் தளத்தில் சிக்கினார்கள். தேர்ச்சிக்கு 90 விழுக்காடு போதும் என்றாலும், நூற்றுக்கு நூறு வாங்காதவருக்குப் பதவி உயர்வு கிட்டாது என்ற அச்சம் அங்கே நிலவியது. அதே ஆண்டு அவர்களுடைய அணு ஆயுதப் படை பற்றிய மறுஆய்வில் வெளிவந்த இன்னொரு செய்தி எனக்குச் சிரிப்பை வரவழைத்தது: மூன்று தளங்களில் இருந்த 450 ஏவுகணைகளுக்கும் அணுகுண்டு முனையைப் பொருத்தும் கருவிப்பெட்டி ஒன்றுதான் இருந்ததாம், அதைக் கூரியரில் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். பிறகு மாதம் 300 டாலர் வரை ஊக்கத்தொகை அறிவித்தார்கள். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் என் கையில் யாராவது அப்பணத்தைத் திணித்திருந்தாலும், திரை மங்கியதை நான் எழுதியிருப்பேனா என்பது சந்தேகமே.

உங்கள் உறவினர் விடுப்பில் வந்தால், கடைசியாக எப்போது பழுது எழுதினார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.