ஒரே வீடு, ஒரே ஃப்ளூ: இளையவளுக்கு மட்டும் ஏன்?

கேள்வி: போன மாதம் வீட்டில் எல்லாருக்கும் ஃப்ளூ. மூத்தவன் நான்கே நாளில் பள்ளிக்குப் போய்விட்டான். 5 வயது இளையவளை நிமோனியா என்று வார்டில் சேர்த்தார்கள். ஒரே சோறு, ஒரே இரத்தம். மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா? அவளுக்குக் கொஞ்சம் ஆஸ்துமாவும் உண்டு.
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கடைசியில் போகிறபோக்கில் எழுதினீர்களே, அந்த ஆஸ்துமாதான் முதல் சந்தேகம். ஏற்கெனவே வீங்கிச் சுருங்கும் மூச்சுக்குழலில் ஃப்ளூ இறங்கினால் நிலைமை சட்டென்று மோசமாகும்.

மரபணுவுக்கும் பங்குண்டு. ஃப்ளூ வைரஸ் ஒரு நுண்ணிய பைக்குள் அடைபட்டுத்தான் செல்லுக்குள் நுழைகிறது. பையின் சவ்வோடு கலந்தால்தான் வெளியேற முடியும். அந்தச் சவ்வை விறைக்க வைத்து வைரஸைச் சிறைப்படுத்துவது ஐஎஃப்ஐடிஎம்3 என்ற புரதம். 2009-இல் பரவிய எச்1என்1 காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் இந்தப் புரதத்துக்கான மரபணுவின் ஒரு மாற்றம் கூடுதலாக இருந்ததாக 2012-இல் ஓர் ஆய்வு சொன்னது. பிந்தைய ஆய்வுகள் எல்லாம் அதோடு ஒத்துப்போகவில்லை. சீனர்களிடம் இந்த மாற்றம் வெகு சாதாரணம். அவர்களில் பெரும்பாலோர் ஃப்ளூ வந்து தேறிவிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் அது இருந்தாலும் டாக்டர் மருந்தை மாற்றப்போவதில்லை.

அபூர்வமான வேறொரு வகை உண்டு. பிரான்ஸில் ஃப்ளூவால் உயிருக்குப் போராடிய இரண்டரை வயதுச் சிறுமிக்கு, ஐஆர்எஃப்7 மரபணுவின் இரண்டு பிரதிகளுமே பழுது என்று 2015-இல் தெரியவந்தது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் அவளுக்குப் போதிய அளவு சுரக்கவில்லை. அதனால், வேறு காரணமே இல்லாமல் ஐசியு வரை போன குழந்தைக்கும், ஒரே ஆண்டில் இருமுறை நிமோனியா வந்த குழந்தைக்கும் நோயெதிர்ப்பு நிபுணரிடம் பரிசோதனை தேவை. ஆன்லைனில் விற்கும் எச்சில் டெஸ்ட் இதற்கு ஆகாது.

 

அந்தக் காசில் ஃப்ளூ ஊசி போடுங்கள். 9 வயதுக்குள் முதல்முறை என்றால் 4 வாரம் விட்டு இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. பலன் பிடிக்க 2 வாரமாகும். மலேசியாவில் ஃப்ளூ வருடம் முழுக்கச் சுற்றுவதால் சீசன் பார்க்காதீர்கள். டாக்டர் தினசரித் தடுப்பு இன்ஹேலர் கொடுத்திருந்தால், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று நீங்களாக நிறுத்தக்கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். அடுத்த முறை காய்ச்சல் கண்டதும் கிளினிக் போங்கள். ஃப்ளூ வைரஸுக்கான ஓசெல்டாமிவிர் மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். விலா இடுக்கு உள்ளே இழுத்து மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, இறங்கிய காய்ச்சல் இருமலோடு திரும்பினாலோ நடுராத்திரியானாலும் எமர்ஜென்சிதான்.