வாயால் சொன்ன ‘இல்லை’ கணக்கில் வராது
கல்விக்கடன், உதவித்தொகை: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியின் பதில்கள்

மகளுக்குக் கவுன்சலிங்கில் பொறியியல் சீட் கிடைத்தது. 4 லட்சம் கடன் கேட்டோம். "உங்க சிபில் ஸ்கோர் சரியில்ல, வீடும் எங்க ஏரியா இல்ல" என்று மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். இனி என்ன செய்வது?

கடிதம் ஏதாவது கொடுத்தாரா? கொடுத்திருக்க மாட்டார். அப்படியானால் வங்கியின் ஏட்டில் நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்றுதான் பொருள். நானும் மேலாளர் நாற்காலியில் இருந்தவன்தான். மார்ச் மாத நெருக்கடியில் கல்விக்கடன் என்று யாராவது வந்து நின்றால், "அப்புறம் வாங்க" என்று அனுப்பியிருக்கிறேன். எழுத்தில் இல்லாத மறுப்பை எந்த மேலதிகாரியும் விசாரிக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும்.

ஆகவே முதலில் கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பத்தைப் பதியுங்கள். எண்ணும் தேதியும் கையில் வந்துவிடும். மறுப்பதானால் அடுத்த நிலை அதிகாரியின் சம்மதத்தோடுதான் மறுக்க வேண்டும் என்பது வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்திலேயே இருக்கிறது.

ஏரியா விஷயத்தில் உங்கள் பக்கமே நியாயம். குடியிருப்பு தங்கள் சேவைப் பகுதியில் இல்லை என்று கல்விக்கடனை மறுக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2012இலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். 4 லட்சத்துக்கு அடமானமும் கேட்கக் கூடாது.

சிபில் ஸ்கோர், அதாவது பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் மதிப்பெண், கொஞ்சம் சிக்கல். பெற்றோரின் ஸ்கோரைக் காட்டி மாணவரின் கடனை மறுக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது நம்மூர் மேலாளரை நேரடியாகக் கட்டாது; ஆனாலும் மனுவில் ஒரு வரி எழுதி வையுங்கள். அதைவிடப் பலன் தருவது, உங்கள் பெயரில் நிற்கும் பழைய பைக் லோனையோ நகைக்கடனையோ முடித்து, பாக்கி இல்லை என்ற ‘நோ டியூஸ்’ சான்று வாங்கி இணைப்பது. பல வீடுகளில் மறந்துபோன சில ஆயிரம் ரூபாய் பாக்கிதான் ஸ்கோரைச் சாய்த்திருக்கும்.

அதன்பின் வங்கியின் மண்டல அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, விவரம் கேட்க 14448. கடன் கொடுக்கலாமா வேண்டாமா என்ற வங்கியின் வணிக முடிவில் அவர் தலையிட மாட்டார். விதி மீறப்பட்டது என்று காட்டினால்தான் புகார் நிற்கும். கூடவே, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு. அது மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரின் மேசைக்குப் போனால் கிளைக்கு ஒரு போன் வரும். அந்த போனுக்கு இருக்கும் மரியாதையே தனி.

ஆதிதிராவிடர் நல உதவித்தொகை ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டுகிறது. பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை. கல்லூரியில் ஃபீஸ் கேட்டு நெருக்குகிறார்கள்.

பணம் பெரும்பாலும் தொலைந்திருக்காது, வேறு கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். வங்கியில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தது வேறு, மானியம் வந்து விழ ஆதாரோடு இணைத்திருக்கும் கணக்கு வேறு. கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். சிம் வாங்கப் போன கடையில் விரலை வைத்து ஒரு பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு திறந்தீர்களா? நினைத்துப் பாருங்கள். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். மாற்ற வேண்டுமானால், வேண்டிய வங்கியில் "மானியம் இந்தக் கணக்குக்கு வரணும்" என்று படிவம் கொடுங்கள்.

கல்லூரிக்கு: 2021இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில், எஸ்சி மாணவர்கள் முன்பணம் கட்டாமல் சேர ‘ஃப்ரீஷிப் கார்டு’ ஏற்பாடு இருக்கிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். பணம் வந்ததும் கல்லூரிக் கட்டணத்தைத் தாமதிக்காமல் கட்டிவிடுங்கள்.

அண்ணன் பாலிடெக்னிக் முடித்திருக்கிறான். எனக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டா?

உண்டு. டிப்ளமோ பட்டம் ஆகாது. சாதி, வருமானம் எதுவும் பார்க்க மாட்டார்கள். ஆனால் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள்.

புதுமைப் பெண் 1000 ரூபாய் வாங்கினால் மற்ற உதவித்தொகை நின்றுவிடுமா?

நிற்காது. இரண்டையும் வாங்கலாம். தம்பிக்கும் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது, அவன் அரசுப் பள்ளியில் படித்திருந்தால்.

அப்பா தையல் தொழிலாளி. வருமானச் சான்றில் அண்ணன் சம்பளத்தையும் சேர்த்து 3 லட்சம் என்று எழுதிவிட்டார்கள். உதவித்தொகை வரம்பு 2.5 லட்சம். திருத்த முடியுமா?

முடியும். பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமானம்தான் கணக்கு, அண்ணன் சம்பளம் அல்ல. என்ன காரணத்துக்காகச் சான்று கேட்கிறீர்கள் என்று விண்ணப்பத்திலேயே எழுதாததால் வந்த வினை இது. விஏஓவிடம் அண்ணன் தனியாகச் சம்பாதிப்பதைச் சொல்லி, புதிதாக விண்ணப்பியுங்கள். அங்கே நகரவில்லை என்றால் வட்டாட்சியர், பிறகு கோட்டாட்சியர். மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அலைச்சல் வேண்டாம் என்று பழைய சான்றையே நீட்டிவிடாதீர்கள். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும். கல்விக்கடனும் வாங்குவதாக இருந்தால் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள்: குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட தொழிற்படிப்புகளுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும். மேலாளர் அதைத் தானாகச் சொல்ல மாட்டார். கடன் கையெழுத்தாகும் அன்றே நீங்கள்தான் கேட்க வேண்டும்.