கோடையில் ஜியாமெட்ரியை முடித்துவிடலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் எட்டாம் வகுப்பில் ஆல்ஜீப்ரா 1 படிக்கிறாள், ஏ மைனஸ் வாங்குகிறாள். இந்தக் கோடை விடுமுறையில் ஜியாமெட்ரியை ஆன்லைனில் ஆறு வாரத்தில் முடித்துவிட்டால், ஒன்பதாம் வகுப்பில் நேராக ஆல்ஜீப்ரா 2, பத்தில் ப்ரீகால்குலஸ், பதினொன்றில் கால்குலஸ் பிசி என்று போகலாம் என்கிறார்கள். நண்பர்கள் வீட்டுப் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் போகிறார்கள். அவளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. செய்யலாமா? கால்குலஸில் ஏபி, பிசி என்று இரண்டு இருக்கிறதே, இரண்டும் எடுக்க வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொன்னால், கோடை ஜியாமெட்ரி வேண்டாம். உங்கள் மகள் இப்போதே ஒரு வருடம் முன்னால்தான் இருக்கிறாள். அமெரிக்கப் பள்ளிகளின் வழக்கமான வரிசைப்படி ஒன்பதில் ஆல்ஜீப்ரா 1, பத்தில் ஜியாமெட்ரி, பதினொன்றில் ஆல்ஜீப்ரா 2, பன்னிரண்டில் கால்குலஸுக்குத் தயார்ப்படுத்துகிற ப்ரீகால்குலஸ். நியூ ஜெர்சியில் பள்ளிப் படிப்பை முடிக்க மாநிலம் கேட்பது அதிலும் குறைவு: ஆல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அவற்றைத் தொடர்ந்து மூன்றாவதாக ஒரு கணித வருடம், அவ்வளவே. எட்டிலேயே ஆல்ஜீப்ரா 1 முடிக்கிற பெண் எதையும் தாண்டிக் குதிக்காமல் நடந்தே போனாலும் பன்னிரண்டில் கால்குலஸுக்கு வந்துவிடுவாள். எம்ஐடி போன்ற இடத்துக்கு விண்ணப்பிக்கவும் இந்த வேகம் போதும்.

நம்மில் பலர் இந்தியாவில் படித்தபோது அல்ஜீப்ரா, வடிவியல், முக்கோணவியல் எல்லாம் ஒரே புத்தகத்தில் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தன. இங்கே ஒவ்வொன்றையும் ஒரு முழு வருடமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒரு வருடத்தைக் கோடையில் சுருக்கினால், ஒரு பாடத்தின் ஒரு பகுதி போகாது. அந்தப் பாடமே மெலிந்துவிடும். ஜியாமெட்ரியில் இது இன்னும் மோசம். ஒரு கூற்றைச் சொல்லி, அது ஏன் உண்மை என்று வரிக்கு வரி காரணம் எழுதி நிரூபிக்கிற பழக்கம் உயர்நிலைப் பள்ளிக் கணிதத்தில் அநேகமாக இந்த ஒரு வருடத்தில்தான் ஒழுங்காக வருகிறது. ஆறு வாரத்துக்குள் அடைக்கும்போது முதலில் கழன்று விழுவது அந்த நிரூபணம்தான். கோணத்தைக் கண்டுபிடி, பரப்பளவைக் கண்டுபிடி என்கிற கணக்குகள் மட்டும் மிஞ்சும். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறீர்கள். கல்லூரியில் முதல் இரண்டு வருடத்துக்குள் டிஸ்கிரீட் மேத்ஸ் (தர்க்கம், கணங்கள், எண்ணிக்கை பற்றிய கணிதம்) வரும். அதில் நிரூபணம் நிறைய. நல்ல நல்ல மாணவர்கள் தடுமாறுகிற இடம் அது.

சரி, ஜியாமெட்ரியை விடுங்கள். என்னுடைய பெரிய கவலை ஆல்ஜீப்ரா 2 பற்றி. பெற்றோர் எல்லோரும் கால்குலஸ் எந்த வருடம் என்றுதான் கேட்கிறார்கள். கால்குலஸ் வகுப்பில் பிள்ளைகள் எதில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் அது கால்குலஸே இல்லை. ஒரு உதாரணம் பாருங்கள். முதல் மாதத்தில் வருகிற கணக்கு: 1/எக்ஸ் என்பதன் வகைக்கெழுவை (எக்ஸ் மாறும்போது அது மாறுகிற வேகத்தை) வரையறையிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். அதாவது 1/(எக்ஸ் + எச்) என்பதிலிருந்து 1/எக்ஸ் ஐக் கழித்து, வருவதை எச் ஆல் வகுத்து, எச் பூஜ்யத்தை நெருங்கும்போது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். முதல் வேலை, இரண்டு பின்னங்களுக்கும் பொதுப் பகுதி எடுப்பது. மேலே எக்ஸ் − (எக்ஸ் + எச்) வரும், அதாவது −எச். இந்த அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது குறியை மாற்ற மறந்து +எச் என்று எழுதுகிறவர்கள் ஏராளம். கீழே எக்ஸ் × (எக்ஸ் + எச்). இப்போது எச் ஆல் வகுத்தால் மேலே −1 மிஞ்சும். கடைசியில் எச் ஐ பூஜ்யமாக்கினால் −1/எக்ஸ்². இதில் கால்குலஸ் என்று சொல்லத்தக்கது கடைசி வரி ஒன்றுதான். மற்றதெல்லாம் ஆல்ஜீப்ரா 2. அதில் கை ஓடாத பிள்ளை கால்குலஸ் புரியவில்லை என்று வீட்டில் வந்து சொல்லும். நீங்களும் கால்குலஸுக்கு டியூஷன் தேடுவீர்கள்.

ஆகவே ஏ மைனஸ் என்ற எழுத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். வீட்டுப்பாடம், மறுதேர்வு, கூடுதல் மதிப்பெண் எல்லாம் கலந்தது அது. ஒரு சனிக்கிழமை காலை அவளிடம் கால்குலேட்டர் இல்லாமல் சில கணக்குகளைக் கொடுத்துப் பாருங்கள். 6எக்ஸ்² − எக்ஸ் − 12 ஐக் காரணிப்படுத்தச் சொல்லுங்கள். (2எக்ஸ் − 3)(3எக்ஸ் + 4) என்று அலட்டிக்கொள்ளாமல் வர வேண்டும். பாரன்ஹீட் = 9/5 செல்சியஸ் + 32 என்ற சமன்பாட்டை எழுதி, செல்சியஸுக்குச் சூத்திரம் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் (எக்ஸ் + 3)² எவ்வளவு என்று கேளுங்கள். எக்ஸ்² + 9 என்று வந்தால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது, வேகம் கூட்ட இது நேரமில்லை. இதெல்லாம் சரியாக வந்தால் கடைசியாக ஒன்று: (எக்ஸ் + 5)/எக்ஸ் இல் மேலேயும் கீழேயும் இருக்கிற எக்ஸை ஏன் அடிக்கக் கூடாது? விடை வேண்டாம், காரணம் வேண்டும். இரண்டு வாக்கியத்தில் தெளிவாகச் சொன்னால், உங்கள் மகளுக்கு இந்தப் பாடம் உண்மையாகவே பிடிபட்டிருக்கிறது.

அப்படிச் சொல்கிறாள், வகுப்பில் சலிப்பாகவும் இருக்கிறது, அவளே வேகமாகப் போக ஆசைப்படுகிறாள் என்றால் கோடைக்கால ஓட்டத்தைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஜியாமெட்ரியையும் ஆல்ஜீப்ரா 2 வையும் ஒரே வருடத்தில் சேர்த்து எடுப்பது. இரண்டும் ஒன்றையொன்று அதிகம் சார்ந்தவை அல்ல. செங்கோண முக்கோணத்தில் சைன், கொசைன் வருகிற இடத்தில்தான் கொஞ்சம் உரசும், அதைச் சமாளிக்கலாம். எந்தப் பாடமும் சுருங்குவதில்லை. ஜியாமெட்ரி வருடத்தில் ஆல்ஜீப்ரா துருப்பிடிப்பது என்று ஆசிரியர்கள் எப்போதும் புலம்புவோம், அதுவும் இதில் தவிர்க்கப்படுகிறது. விலை என்னவென்றால் ஒரு விருப்பப் பாடம் போகும். இசையோ ஓவியமோ போகிறது என்றால் அவளைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். எல்லாப் பள்ளியும் இதை அனுமதிப்பதில்லை. கவுன்சிலரிடம் இப்போதே கேளுங்கள். பல பள்ளிகளில் அடுத்த வருடப் பாடத் தேர்வு ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிந்துவிடும்.

பதினொன்றில் கால்குலஸை முடித்துவிட்டால் பன்னிரண்டில் என்ன செய்வாள்? இதை யாரும் யோசிப்பதே இல்லை. சில பள்ளிகளில் அதற்கு அடுத்த பாடங்களான மல்டிவேரியபிள் கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா உண்டு. உங்கள் பள்ளியில் இல்லாவிட்டால் கம்யூனிட்டி காலேஜுக்குப் போய்ப் படிக்க வேண்டும். அங்கே வாங்குகிற மதிப்பெண் நிரந்தரமான கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவேட்டில்) பதிவாகும், பதினேழு வயதில் ஒரு சி வாங்கினாலும் அது கூடவே வரும். இரண்டும் இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பைக் கணிதமே இல்லாமல் கழித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறவர்களும் உண்டு. அது எல்லாவற்றிலும் மோசமான வரிசை. ஒரு வருடத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு கல்லூரி கால்குலஸில் போய் உட்காரும்போது எல்லாம் மறந்திருக்கும்.

பதினொன்றில் பிசி எடுத்தால் ஒரு நன்மை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏபி, பிசி கால்குலஸுக்கான அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் தேர்வு (பள்ளியில் இருந்தபடியே கல்லூரி அளவுப் பாடத்தில் எழுதுவது) மே மாதம் நடக்கும், மதிப்பெண் ஜூலையில் வரும். பதினொன்றில் எழுதினால் அதை விண்ணப்பத்தில் காட்டலாம். பன்னிரண்டில் எழுதினால் அதற்குள் கல்லூரிகள் முடிவு சொல்லிவிட்டிருக்கும். அப்போது அந்த மதிப்பெண் கல்லூரியில் முதல் கணிதப் பாடத்தைத் தாண்டுவதற்கு மட்டும் உதவும். ஆனால் பன்னிரண்டில் பிசி வகுப்பில் இருக்கிறாள் என்பதும், அந்த வருடத்தின் பாதியில் அவள் எடுத்த கிரேடும் விண்ணப்பத்தைப் படிக்கிறவர்களின் கண்ணுக்குப் போய்ச் சேரும். ஒரு மதிப்பெண்ணைக் காட்டுவதற்காக அடித்தளத்தை ஆறு வாரத்தில் போடுவது எனக்கு லாபமாகத் தெரியவில்லை.

வேகம்தான் திறமை என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. அதற்கு ஒரு மாற்று உண்டு: ஏஎம்சி 10, ஏஎம்சி 12 என்ற கணிதப் போட்டிகள். 75 நிமிடம், 25 கேள்விகள். இரண்டிலும் கால்குலஸ் அறவே கிடையாது. ஆல்ஜீப்ரா, ஜியாமெட்ரி, எண்கள், எண்ணிக்கை இவற்றை வைத்தே பெரியவர்களையும் திணறடிக்கிற கேள்விகள். உங்கள் மகளுக்குப் பசி அதிகம் என்றால் இந்தக் கோடையில் பழைய ஏஎம்சி 10 தாள்களைக் கொடுத்துப் பாருங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதுகிற எஸ்ஏடி தேர்வுக்கும் இதே கதைதான். அதன் கணிதப் பகுதியில் சுமார் 70 சதவீதம் ஆல்ஜீப்ராவும் அதன் தொடர்ச்சியும்தான். கால்குலஸ் ஒரு கேள்விகூட வராது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, ஏபி, பிசி இரண்டும் எடுக்க வேண்டுமா என்பது. இரண்டும் எடுக்க வேண்டியதில்லை, ஒன்று போதும். பிசி என்பது ஏபிக்கு அடுத்த பாகம் இல்லை. ஏபியில் உள்ள அத்தனையும் பிசிக்குள் இருக்கிறது. அதற்கு மேல் முடிவிலாத் தொடர்கள், போலார், பாராமெட்ரிக் சமன்பாடுகள், இன்னும் சில தொகையிடல் முறைகள் சேரும். தோராயமாக, ஏபி கல்லூரியின் ஒரு செமஸ்டர், பிசி இரண்டு. பிசி தேர்வு எழுதினாலே ஏபி பகுதிக்குத் தனி மதிப்பெண்ணும் தருகிறார்கள். பதினொன்றில் ஏபி, பன்னிரண்டில் பிசி என்று எடுக்க வைக்கிற பள்ளிகள் உண்டு. அங்கே இரண்டாம் வருடத்தின் பெரும்பகுதி படித்ததையே படிப்பதாகிவிடும். கடினமான பிரிவாகிய ஆனர்ஸ் ப்ரீகால்குலஸில் நிம்மதியாக ஏ வாங்குகிற பிள்ளை நேராக பிசிக்குப் போகலாம். தட்டுத் தடுமாறி பி வாங்கினால் ஏபி எடுப்பதில் ஒரு குறைவும் இல்லை. கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும் என்பதையும் கவனியுங்கள்: எம்ஐடியில் பிசியில் 5 வாங்கினால் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் கிடைக்கும், ஏபிக்குக் கிடைக்காது.

ஸ்டாடிஸ்டிக்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதால் சொல்கிறேன். ஸ்டாடிஸ்டிக்ஸுக்கு ஆல்ஜீப்ரா 2 முடித்திருந்தால் போதும். பதினொன்றில் ப்ரீகால்குலஸுடன் சேர்த்து எடுக்கலாம். கால்குலஸுக்குப் பதிலாக என்று மட்டும் எடுக்க வேண்டாம். அதேபோல் ஆல்ஜீப்ரா 2 வுக்குப் பதில் டேட்டா சயின்ஸ் என்று சில இடங்களில் கொடுக்கிறார்கள். பெயர் கவர்ச்சியாக இருக்கும், தவிருங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2023 இல் இந்த அறிமுக டேட்டா சயின்ஸ் பாடங்கள் ஆல்ஜீப்ரா 2 வுக்கு ஈடாகாது என்று சொல்லிவிட்டது.

வேலை மாறி நடுவில் வேறு மாநிலத்துக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் ஒரு எச்சரிக்கை. வட கரோலினா, யூட்டா போன்ற மாநிலங்களில் மேத் 1, 2, 3 என்று எல்லாவற்றையும் கலந்து நடத்துகிறார்கள். இங்கே ஜியாமெட்ரி முடித்துவிட்டு அங்கே போகிற பிள்ளையை எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்று பள்ளிக்கே குழப்பம் வரும். பழைய வகுப்பின் பாடத்திட்டத்தையும் சில தேர்வுத் தாள்களையும் கையோடு எடுத்துப் போங்கள். கிரேடு ஷீட் மட்டும் இருந்தால், படித்ததையே மறுபடி படிக்கச் சொல்லிவிடுவார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கோடை ஜியாமெட்ரிதான் என்று முடிவெடுத்தால், பணம் கட்டுவதற்கு முன் பள்ளியிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: அந்த ஆன்லைன் பாடத்தை ஏற்றுக்கொள்வார்களா, வருகிற கிரேடு டிரான்ஸ்கிரிப்டிலும் ஜிபிஏயிலும் (சராசரி கிரேடிலும்) சேருமா, ஒன்பதில் ஆனர்ஸ் ஆல்ஜீப்ரா 2 வில் சேரத் தனித் தேர்வு உண்டா. அந்தத் தேர்வு ஆகஸ்டில் இருந்தால், பாடத்தை ஜூலைக்குள் முடித்துவிட்டு அதற்கென இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள்.