மன்னிப்பு பிறகு வரட்டும்

ஐயா,

எனக்கு 36 வயது. குடியாத்தத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். தறிச் சத்தம் நின்றால் அப்பா எழுந்து வருகிறார் என்று அர்த்தம். அடி எதற்கு என்பது விழுந்த பிறகுதான் தெரியும். இன்று துணிக்கடையில் எந்த நிறம் வேண்டும் என்று கேட்டால்கூட மனைவியின் முகத்தைப் பார்க்கிறேன். அதே அப்பா என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிறார். பார்த்தால் மகள்மீதே பொறாமை வருகிறது. அவரை என்னோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் அக்கா. "மன்னித்துவிடு, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறாள். சரியாகிவிடுமா?

ச., வேலூர்

அன்புள்ள ச.,

ஆகாது என்றே நினைக்கிறேன். மன்னிப்பு என்றாவது தானாக வந்தால் வரட்டும். அப்பாவின் மனநிலைக்கேற்ப உங்களைச் சுருக்கிக்கொள்வதுதான் சிறுவயதில் உங்கள் வேலையாக இருந்தது. இப்போது அவருடைய முதுமைக்கேற்பச் சுருங்கச் சொல்கிறார்கள். வேலை மாறவில்லை.

நிறம் சொல்ல வராததைக் கோழைத்தனம் என்று எண்ண வேண்டாம். தறி ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்றே காதைத் தீட்டிக்கொண்டிருந்த பையனுக்குத் தனக்கு என்ன பிடிக்கும் என்று பார்க்க ஏது அவகாசம்? உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டில், தப்ப வழியில்லாமல் நெடுங்காலம் அனுபவித்த கொடுமையால் வரும் பாதிப்பு தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. உறவுகளில் ஒட்ட முடியாமையோடு, தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற ஆழமான எண்ணமும் அதன் அடையாளங்களில் ஒன்று. உங்களுக்கு இருப்பது அதுதானா என்று நான் சொல்லக் கூடாது. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் உங்கள் வேலூரிலேயே, பாகாயத்தில், சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் இருக்கிறார்கள். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் இருக்கும். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் மருத்துவ மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் எதற்காக இறங்குகிறீர்கள் என்று எவருக்கும் தெரியப்போவதில்லை. அதற்கும் தயக்கம் என்றால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பொறாமை என்று எழுதிவிட்டு வெட்கப்பட்டிருப்பீர்கள். அது மகள்மீது வந்த கோபம் அல்ல. இந்த மனிதருக்குக் குழந்தையைத் தோளில் தூக்கத் தெரிந்திருக்கிறது, என்னை மட்டும் தூக்கவில்லை என்ற வழக்கு அது. இதுவரை எவரும் அந்த வழக்கைக் காதுகொடுத்துக் கேட்கவில்லை. "அடித்தாலும் அணைத்தாலும் அப்பன்" என்று நம் ஊரில் தீர்ப்பை முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறார்கள். அப்பன் அணைக்கவே இல்லையென்றால் பிள்ளை எங்கே போவது? நீங்கள் அழலாம். கிடைக்காமல் போனதற்கு அழுவது அவரைத் திட்டுவதாகாது.

அடுத்த முறை கடையில் மனைவியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஒரு சட்டை எடுங்கள். வீட்டுக்கு வந்து பிடிக்காமல் போனாலும் நல்லதுதான். பிடிக்காதது ஒன்று தெரிந்துவிட்டதே. சாப்பாட்டில், ஞாயிற்றுக்கிழமையில், யாருக்கு எப்போது போன் செய்வது என்பதில் இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேரும். மெதுவாகத்தான் சேரும், சில நாள் சலிப்பாகவும் இருக்கும்.

அப்பாவின் மருந்துச் செலவை மாதாமாதம் கொடுத்துவிடுங்கள், அது உங்களால் முடிந்தால். ஒரே வீட்டில் இருந்துதான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. அக்காவிடம், "இப்போதைக்கு என்னால் முடியாது" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் கேட்பார், அன்றே சொல்லியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அன்புடன்.