அப்பாவின் சாதியும் முதல் கற்பனையும்

கடிதம்:

ஐயா, ஸ்தோத்திரம். இருதயத்தில் இருக்கும் விக்கிரகங்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எங்கள் வீட்டில் சாமி படம் ஒன்றுகூடக் கிடையாது. ஆபீஸில் ஆயுத பூஜைக்குக் கொடுக்கும் பொரியை அப்பா கையால் தொடமாட்டார். செல்போனும் கிரிக்கெட்டும் விக்கிரகம் என்று எங்கள் போதகர் அடிக்கடி பிரசங்கிப்பார். இப்போது என் தம்பி, எங்கள் சபைப் பாடகர் குழுவிலேயே இருக்கும் ஒரு பெண்ணைத் திருமணம் செய்ய விரும்புகிறான். ஞானஸ்நானம் பெற்றவள், நல்ல சாட்சியுள்ள பிள்ளை. "அவங்க வேற ஆளுங்க, நான் இருக்கிற வரைக்கும் நடக்காது" என்று அப்பா சொல்லிவிட்டார். ஆபிரகாமே தன் இனத்தில்தானே மகனுக்குப் பெண் எடுத்தார் என்கிறார். அப்பா ஜெபிக்கிற மனிதர். இதையும் விக்கிரகாராதனை என்று சொல்லலாமா, இல்லை வெறும் ஊர்ப் பழக்கமா? இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரி,

விக்கிரகாராதனைதான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் போதகர் சொல்லும் செல்போனையும் கிரிக்கெட்டையும் நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அவற்றைப் பற்றிப் பிரசங்கித்தால் சபையில் யாருக்கும் கோபம் வராது. சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். சாதியைப் பற்றி அதே பிரசங்க பீடத்தில் பேசிப் பார்க்கட்டும். விக்கிரகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, அது யாரைப் பலி கேட்கிறது என்று பார்ப்பேன். இன்னோம் பள்ளத்தாக்கில் மோளேகு என்ற தெய்வத்துக்குப் பலியாகப் பிள்ளைகளைத் தீக்கடக்கப்பண்ணினார்கள் என்று 2 இராஜாக்கள் 23-இல் வாசிக்கிறோம். பெற்ற மகனின் வாழ்க்கையையே விட்டுக்கொடுக்கும் அளவுக்கு ஒன்றைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்றால், அந்த வீட்டில் பத்துக் கற்பனைகளில் முதலாவது, 'என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்' என்ற கட்டளை, மீறப்பட்டிருக்கிறது.

அதற்காக உங்கள் அப்பாவை மாய்மாலக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். வெண்கலச் சர்ப்பத்தை நினைத்துப் பாருங்கள். எண்ணாகமம் 21-இல் கர்த்தர் சொல்லி மோசே செய்தது அது. பாம்பு கடித்தவர்கள் அதைப் பார்த்துப் பிழைத்தார்கள். பல நூறு ஆண்டுகள் கழித்து ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டிக்கொண்டிருந்தார்கள், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். அவ்வளவு காலம் யாரும் கைவைக்காததற்குக் காரணம், அது உண்மையிலேயே ஒருநாள் உயிர்காத்த பொருள் என்பதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் அப்பாவுக்கு அவருடைய சொந்தபந்தமும் அப்படித்தான் இருந்திருக்கும். பரீட்சைக்குப் பணம் கட்ட, ஆஸ்பத்திரியில் கூட இருக்க, சாவு வீட்டில் முதல் ஆளாக வந்து நிற்க அவர்கள்தான் வந்திருப்பார்கள். சொந்தபந்தம் தேவன் கொடுத்த நன்மை. அதற்குள் யாரைச் சேர்க்கக் கூடாது என்று தீர்மானிக்கும் சாதி அவர் கொடுத்தது இல்லை. இரண்டும் ஒன்றாகவே வளர்ந்துவிட்டதால் அப்பாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சரி, ஆபிரகாம். அவர் வேண்டாம் என்றது கானானியப் பெண்ணை, வேறு தெய்வங்களைக் கும்பிட்ட தேசத்தில். உங்கள் தம்பி விரும்பும் பெண் அப்பா முழங்கால்படியிடும் அதே தேவனிடம்தான் முழங்கால்படியிடுகிறாள், அதுவும் அதே ஆலயத்தில். ஆதியாகமத்தோடு நிற்காமல் எண்ணாகமம் 12-ஐயும் அப்பாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். எத்தியோப்பியா தேசத்து ஸ்திரீயை மோசே விவாகம்பண்ணினதற்காக அவருடைய அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும் அவருக்கு எதிராகப் பேசினார்கள். கர்த்தர் மோசேயின் பக்கம் நின்றார். மிரியாம் குஷ்டம் பிடித்து ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே இருந்தாள். மத்தேயு முதல் அதிகாரத்தில், இயேசுவின் முன்னோர் பட்டியலில், வேற்று இனத்துப் பெண்களான ராகாபும் ரூத்தும் இருக்கிறார்கள். நம் இரட்சகரின் வம்ச வரலாறு உங்கள் அப்பா வைக்கும் சோதனையில் தேறாது.

ஊர்ப் பழக்கம் என்று விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். அந்தியோகியாவில் யூதரான பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டார். எருசலேம் சபையின் யாக்கோபிடமிருந்து யூதர் சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். மற்ற யூத விசுவாசிகளும் விலகினார்கள், பவுலோடு ஊழியம் செய்த பர்னபாவும் அவர்களோடு இழுப்புண்டு போனான். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் இதைப் பழக்கம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார், சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்றார்.

நம் நாட்டுச் சபைகளுக்கும் இது தெரியாத விஷயம் இல்லை. 1833-இலேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி இருக்கக் கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரில் பலர் சாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையை விட்டார்கள். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில் ஒரே பீடத்தைப் பார்த்தபடி சாதிக்கொரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். 1910-இல் கௌசானல் அடிகளார் நடுச்சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இதெல்லாம் நடந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நம் கல்யாண விளம்பரங்களில் 'இரட்சிக்கப்பட்ட மணமகள் தேவை' என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் அச்சாகிறது. வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

வெளியே வருவது எப்படி? வசனங்களை வைத்து அப்பாவை மடக்கப் பார்க்காதீர்கள். அவருக்கு உங்களைவிட அதிகமாக வசனம் தெரிந்திருக்கும். தனியாக இருக்கும்போது, "எதுக்குப்பா பயப்படுறீங்க?" என்று கேளுங்கள். சித்தப்பா வீட்டில் என்ன சொல்வார்கள், ஊரில் யார் பத்திரிகை வாங்குவார்கள், அடுத்து உங்கள் கல்யாணம் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக வரும். வரட்டும், குறுக்கே பேசாதீர்கள். உங்கள் கல்யாணத்தைப் பற்றிய பயம் இருந்தால், "அந்தப் பாரத்தை நான் சுமக்கிறேன்" என்று சொல்ல உங்களால் மட்டும்தான் முடியும். அதைச் சொல்ல முடியுமா என்று முதலில் கர்த்தரிடம் உட்கார்ந்து யோசியுங்கள், ஏனென்றால் அப்பாவின் விக்கிரகத்தில் ஒரு பங்கு பிள்ளைகளின் சௌகரியத்துக்காக வைத்தது.

அப்புறம், அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். முதலில் நீங்களும் தம்பியும், பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அந்தியோகியாவில் பிரச்சினை பந்தியில்தான் வந்தது. இத்தனை தலைமுறையாக வளர்ந்த ஒன்று ஒரு ஜெபத்தில் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். சேர்ந்து சாப்பிடச் சாப்பிடத்தான் அதன் பிடி தளரும்.

அப்பாவுக்காகக் கொஞ்ச காலம் காத்திருப்பது அன்பு. எவ்வளவு காலம் என்பதைத் தம்பியும் அந்தப் பெண்ணும் முடிவு செய்யட்டும். தகப்பனைக் கனம்பண்ணுவது அவருடைய சாதிக்குக் கீழ்ப்படிவது ஆகாது. திருமண அறிவிப்பான ஓலையை ஆலயத்தில் வாசிக்கும்போது தடை உண்டா என்று சபையைக் கேட்பார்களே, சாதி அதில் தடையாக எண்ணப்படுவதில்லை. ஓலை கொடுக்கப் போகும்போது உங்கள் போதகர் தயங்கினால் எனக்கு எழுதுங்கள், நான் வந்து அவரோடு பேசுகிறேன்.