டாக்டர் எழுதியது என்றால் நம்பிவிடலாமா?

கேள்வி: மாரடைப்பு ஆபத்தைப் 'பாதியாகக் குறைக்கும்' சத்து மாத்திரை பற்றி ஒரு டாக்டர் எழுதிய கட்டுரையை அப்பா படித்துவிட்டு, உடனே வாங்கச் சொல்கிறார். எழுதியவர் நடுநிலையானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் கட்டுரையின் கடைசிக்குப் போங்கள். 'இவர் இன்ன நிறுவனத்தின் ஆலோசகர்' என்பது போன்ற வரி அங்கேதான் பொடி எழுத்தில் கிடக்கும். தலைப்புக்குக் கீழேயே இருக்கவேண்டியதை அங்கே கொண்டுபோய் ஒளிக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அடுத்து அந்தப் 'பாதி'. 1,000 பேரில் 2 பேருக்கு வருவது 1 ஆனாலும் பாதிதான். அதாவது 1,000 பேர் விழுங்கினால் பலன் ஒருவருக்கு. விற்க வந்தவர் 'பாதி' என்பதோடு நிறுத்திக்கொள்வார். விற்க ஒன்றும் இல்லாதவர் இரண்டு எண்ணையும் சொல்வார்.

அந்தக் கடைசி வரியே இல்லாவிட்டால்? அப்போதும் நிம்மதி வேண்டாம். 1967-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு பெரிய மருத்துவ இதழில், இதய நோய்க்குக் கொழுப்பைக் காரணம் காட்டி, சர்க்கரையின் பங்கைக் குறைத்து எழுதினார்கள். அதற்கு அமெரிக்கச் சர்க்கரைத் தொழில் அமைப்பு 6,500 டாலர் கொடுத்திருந்தது. இது வெளியே வந்தது 2016-இல்.

இடைத்தரகர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 'சிறந்த 10 மாத்திரைகள்' என்று பட்டியல் போடுகிறவர்களில் பலருக்கு நீங்கள் அந்த இணைப்பை அழுத்தி வாங்கினால் கமிஷன். பத்தில் ஒன்றைக்கூட 'வேண்டாம்' என்று சொல்லாத பட்டியலை மூடிவிடுங்கள். நிறுவனமே ஆள் வைத்து எழுதி, டாக்டரின் பெயரை மட்டும் போடுவதும் உண்டு.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். கம்பெனி காசு கொடுத்த ஆய்வு எல்லாமே பொய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். புதிய மருந்துகளுக்கான சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தயாரிப்பாளர்தான் செலவு செய்கிறார். வேறு யாரும் அதிகம் முன்வருவதில்லை. அப்படி வந்த நல்ல மருந்துகள் எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றுகின்றன. காசு வாங்கியவர் பொய்தான் சொல்வார் என்றில்லை, சரியாகவும் சொல்லியிருக்கலாம். அதனால், அந்தக் காசில் பங்கில்லாத இன்னொருவரும் அதையே சொல்கிறாரா என்று பாருங்கள். யாரும் சொல்லவில்லை என்றால் வாங்கவேண்டாம்.

சரி, அப்பாவிடம் வாதாடாதீர்கள். கட்டுரையை எடுத்துக்கொண்டு, அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் சேர்ந்தே போங்கள். "என் வயதில் 1,000 பேர் சாப்பிட்டால் எத்தனை பேருக்குப் பலன்?" என்று அப்பாவே கேட்கட்டும்.